விருந்தாளியைப் பாரிமுனைக்குக் கூட்டிப் போங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் மெரினா, மகாபலிபுரம், தி.நகர். நம் பட்டியல் அதோடு முடிந்துவிடுகிறது. அதில் ஒரு காலைப் பொழுதைப் பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுனுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். கார் வேண்டாம். நிறுத்த இடம் கிடைக்காது; கிடைத்தாலும் வெளியே எடுக்க முடியாது.

முதலில் ஐகோர்ட்டு. 1892-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், எடுக்கட்டும். அப்புறம் அது நிற்கிற மண்ணின் கதையைச் சொல்லுங்கள். பழைய கறுப்பர் நகரம் இருந்தது அங்கேதான்; கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த பகுதிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி வணிகர்களும், அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்களாக இருந்த துபாஷிகளும் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அந்த வீடுகளில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749-இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் மிச்சத்தையும் இடித்தார்கள். காரணம் எளிது: கோட்டைப் பீரங்கிக்குக் குறுக்கே எதிரி ஒளிய ஒரு சுவர்கூட இருக்கக் கூடாது. அதன்பின் எல்லைக்கு ஆறு தூண்கள் நட்டு, இதற்கு இந்தப் பக்கம் யாரும் வீடு கட்டாதே என்றார்கள். ஒரு தூண் மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக இன்னும் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள்!

வீடு போனவர்களோடு சாமியும் இடம் மாறியது. இடிபட்ட சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்குப் பதிலாகப் பூக்கடைப் பக்கம் பெருமாளுக்கும் மல்லீஸ்வரருக்கும் அடுத்தடுத்து இரட்டைக் கோயில்கள் எழுந்தன. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று செய்த வேலை அது. ஆகவே, இன்றைய ஜார்ஜ் டவுன் முழுக்க முழுக்கக் குடிபெயர்ந்தவர்களின் ஊர். அந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு தெருவும் பேசும்.

அரண்மனைக்காரத் தெருவை, அதாவது ஆர்மீனியன் தெருவை, அவசரமாகக் கடக்காதீர்கள். அங்கே ஆர்மீனியர்களின் தேவாலயம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் வெளிச்சத்தம் அப்படியே அடங்கிவிடும். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள், தனியாக ஒரு மணிக்கூண்டு. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-இல் வெளிவந்தது இந்த ஊரில்தான் என்று சொன்னால் விருந்தாளி நம்பமாட்டார். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில்; பாரதி வந்து வணங்கிய சன்னிதி. பவழக்காரத் தெருவில் ஒரு காலத்தில் பவழம் விற்றவர்கள் யூத வணிகர்கள்.

மற்றதெல்லாம் வியாபாரம்தான். ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோடவுன் தெருவில் துணி, சௌகார்பேட்டையில் கச்சோரியும் ஜிலேபியும். ஞாயிற்றுக்கிழமை நடக்க வசதி, கட்டடங்களும் நன்றாகத் தெரியும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. மூட்டை தூக்குபவர் "வழி, வழி" என்று கத்தாத ஜார்ஜ் டவுனைப் பார்த்து என்ன பயன்? வேலைநாளில் போங்கள்.

சாயங்காலம்வரை தாக்குப்பிடித்தால் பர்மா பஜார் பக்கம் அத்தோ கிடைக்கும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. வாழைத்தண்டு சூப்பையும் கேட்டு வாங்குங்கள்.