கிருபைக்கு விலைப்பட்டியல் போட்டிருக்கிறார்கள்!

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்கு வேதாகமத்தின் ரோமர் நிருபத் தொடர் வரவேண்டிய நாள், தெரியும். அதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மனதில் இருப்பதைக் கொட்டாமல் நான்காம் அதிகாரத்துக்குப் போக முடியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் நடக்கப்போகிறது. யார், எங்கே என்று சொல்லமாட்டேன். கமெண்டிலும் யாரும் ஊகித்து எழுதாதீர்கள். போஸ்டரில் மேலே வசனம், நடுவில் ஊழியக்காரர் படம், அதுவரை சரி. கீழே ‘விசுவாசக் காணிக்கை’ என்று ஒரு கட்டம். 1,001 ரூபாய் கொடுத்தால் ஜெபப் புத்தகத்தில் பெயர் எழுதுவார்கள். 5,001 என்றால் முன்வரிசை. 10,001 என்றால் தலையில் கைவைத்துத் தனி ஜெபம். அந்த ஒரு ரூபாய் எதற்கு? கல்யாண வீட்டு மொய்யில் வைக்கிற ஒரு ரூபாயை ஜெபத்துக்கு எதற்கு வைக்கிறார்கள்? முன்வரிசை ஆளுக்கா, குடும்பத்துக்கா என்று போஸ்டரில் இல்லை. போன் பண்ணிக் கேட்டேன். ஆளுக்காம். அப்படியானால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் முன்னால் உட்கார 20,004 ரூபாய். கூலி வேலைக்குப் போகிற ஒரு அக்கா இந்தப் போஸ்டரைப் படித்தால், ஆண்டவர் தனக்குக் கடைசி வரிசைதான் போட்டிருக்கிறார் என்றல்லவா நினைப்பார்?

இப்படி ஒரு பட்டியல் இதற்கு முன்பும் வந்திருக்கிறது. 1517, ஜெர்மனி. ரோமில் பேதுரு தேவாலயம் கட்டுவதற்கு என்று சொல்லிப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். யோகான் டெட்சல் என்ற துறவி ஊர் ஊராகப் போய் விற்றார். ஆளுக்குத் தக்க விலை: ராஜாக்களுக்கும் பிஷப்புகளுக்கும் 25 பொற்காசு, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 10, இப்படியே இறங்கிக்கொண்டு போகும். மார்ட்டின் லூதர் என்ற ஜெர்மன் துறவி 95 வாதங்களை எழுதியது இதைப் பார்த்துத்தான். ஒன்று கவனியுங்கள், அந்தப் பட்டியலில்கூடக் கையில் காசில்லாதவர்கள் ஜெபித்து உபவாசித்தால் போதும் என்று இருந்தது. நம் போஸ்டரில் அதுவும் இல்லை.

ஆங், எண்ணெயை விட்டுவிட்டேன். 10,001 கொடுப்பவர்களுக்கு ஒரு சின்ன பாட்டில் எண்ணெயும் உண்டு, ‘இலவசம்’ என்று சிவப்பு எழுத்தில்.

சரி, காசை விடுங்கள். காசைவிட எனக்கு அதிகம் வலித்தது கட்டத்துக்குக் கீழே இருந்த வரி: ‘உங்கள் விசுவாசத்தின் அளவே உங்கள் ஆசீர்வாதத்தின் அளவு.’ காசில்லை என்றால் விசுவாசத்தையாவது கொண்டுவா, அதுவும் நிறையக் கொண்டுவா என்கிறார்கள். அப்படியே விசுவாசத்தையும் ஒரு கட்டணமாக்கிவிட்டார்கள். பவுல் எழுதியது இதுவா? ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.’ எபேசியர் 2:8. அம்மா ஊட்டுகிற சோற்றுக்குக் குழந்தை வாயைத் திறக்கிறது. வாய் திறந்த கூலிக்கா அம்மா ஊட்டினாள்? விசுவாசம் அந்த வாய் திறப்பதுதான். அதை அளந்து பார்க்க ஒன்றுமில்லை. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்வனின் விசுவாசத்தை யார் அளந்தது? ஞானஸ்நானம் எடுக்க, காணிக்கை கொடுக்க, ஒரு நாள் ஒழுங்காக வாழ்ந்துகாட்ட, எதற்கும் அவனுக்கு நேரமில்லை. ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்றார் ஆண்டவர்.

போன வீடியோவில் ஒரு தங்கை கேட்டிருந்தாள்: ‘அக்கா, தினமும் ஜெபிக்கிறேன், உபவாசம் இருக்கிறேன், ஆனாலும் இரட்சிக்கப்பட்டேனா என்ற நிச்சயம் இல்லை.’ உனக்காகவே, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

ஆக்ஸ்போர்டில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர். புதன், வெள்ளி உபவாசம். சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பார். ஊழியத்துக்காகக் கடல் கடந்து அமெரிக்காவில் ஜார்ஜியா வரைக்கும் போனார். அத்தனை செய்தும் உள்ளே பயம் போகவில்லை. 1736 ஜனவரியில், போகிற வழியில், கடும்புயல். பிரதான பாய் கிழிந்து, தண்ணீர் கப்பலுக்குள் கொட்டுகிறது. ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள். அதே கப்பலில் இருந்த மொரேவிய விசுவாசிகள், ஜெர்மன்காரர்கள், பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவில்லை. பயமில்லையா என்று பிறகு ஒருவரிடம் கேட்டார் வெஸ்லி. இல்லை என்றார் அவர். பெண்களும் பிள்ளைகளுமா பயப்படவில்லை? அவர்களும் சாகப் பயப்படமாட்டார்கள் என்று பதில் வந்தது.

இந்த இடத்தை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். பிரசங்கியாருக்கு இல்லாத சமாதானம் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்திருக்கிறது!

பிறகு 1738 மே 24. லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெரு. விருப்பமே இல்லாமல்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பதாகக் கால் மணி இருக்கும்போது தன் இருதயம் அனல்கொண்டதாக வெஸ்லி எழுதுகிறார். கிறிஸ்துவை மட்டுமே நம்பினேன், என் பாவங்களையும் அவர் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் வந்தது என்கிறார். தங்கச்சி, அன்றைக்கு அவர் புதிதாக எந்த உபவாசமும் கூட்டவில்லை. தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கிறிஸ்துவைப் பார்த்தார். நீயும் உன் விசுவாசம் போதுமா என்று பார்ப்பதை விடு. அவர் போதுமானவரா என்று பார்.

‘அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?’ என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள். எபேசியர் 2-ல் எட்டாம் வசனத்தோடு நிறுத்தாமல் பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள்: நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபும் சொல்கிறார். வெஸ்லி அந்த இரவுக்குப் பிறகு ஓய்ந்து உட்காரவில்லையே. அடுத்த வருடம் பிரிஸ்டல் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வெட்டவெளியில் பிரசங்கம் பண்ணினார். 1791-ல் இறப்பதற்கு ஆறு நாள் முன்னால், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடு என்று இங்கிலாந்து பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரட்சிப்பைச் சம்பாதிக்க ஆக்ஸ்போர்டில் ஓடிய ஓட்டம் வேறு, இரட்சிக்கப்பட்ட சந்தோஷத்தில் ஓடிய இந்த ஓட்டம் வேறு.

காணிக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் சபையில் நானும் கொடுக்கிறேன், மனதார. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் போக யாராவது கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வாங்காதீர்கள். உங்களுக்காக ஜெபிக்கவேண்டும் என்றால் கமெண்டில் பெயரை எழுதுங்கள். அடுத்த வாரம் ரோமர் 4, ஆபிரகாம். அதற்குள் நான்காம், ஐந்தாம் வசனங்களை வாசித்துவிட்டு வாருங்கள்.