கோவை ஸ்டேஷனைப் பாலக்காடு நிர்வகித்தது ஏன்? சேலம் ரயில் கோட்டம் பிறந்த கதை

[காட்சி: கோவை சந்திப்பு, காலைக் கூட்டம்]

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம். கொங்கு நாட்டின் பெரிய ஸ்டேஷன்கள். ஆனால் 2007 அக்டோபர் முடியும் வரை இவற்றுக்குப் பொறுப்பான கோட்ட அலுவலகம் கேரளத்தில், பாலக்காட்டில் இருந்தது.

[வரைபடம்: சென்னை முதல் பேப்பூர் வரை]

மெட்ராஸ் ரயில்வே போட்ட பாதை சேலம், ஈரோடு வழியாக 1862-ல் மேற்குக் கடற்கரையில் பேப்பூரைத் தொட்டது. அது கோவை நகருக்குள் வரவில்லை. இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போய்விட்டது. 1873-ல் போத்தனூர்–மேட்டுப்பாளையம் கிளைப்பாதை வந்த பிறகுதான் கோவைக்கு ரயில். அதற்குள் போத்தனூர் ரயில்வேக்காரர்களின் ஊராகிவிட்டது. கோட்டத் தலைமையகமும் அங்கேதான். 1956-ல் அது பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டுக்கு மாறியது. ஜோலார்பேட்டைக்கு இந்தப் பக்கம் தொடங்கி மங்களூர் வரை ஒரே கோட்டம்!

சரி, அலுவலகம் எங்கே இருந்தால் என்ன?

[காட்சி: கன்ட்ரோல் அறை, தண்டவாளப் பணியாளர்கள்]

புது ரயில் விடுவது டெல்லியில் ரயில்வே வாரியத்தின் முடிவு. அதற்குக் கீழே சென்னையில் தெற்கு ரயில்வே பொது மேலாளர். அவருக்குக் கீழேதான் டி.ஆர்.எம். என்கிற கோட்ட மேலாளர். ஆனால் தண்டவாளப் பராமரிப்பு, சிக்னல், பார்சல், பிளாட்பாரத்தில் தண்ணீர் வருகிறதா என்பது வரை அன்றாடம் பார்ப்பது கோட்டம்தான். எந்தக் கோரிக்கை மேலே போகும் என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. கேரளம் போகும் ரயில்கள் பல கோவைக்குள் வராமல் இருகூர்–போத்தனூர் வழியே ஓடின. அவற்றை ஊருக்குள் கொண்டுவர மக்கள் பல வருடம் போராடினார்கள். அந்த நாட்களில் தனிக் கோட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்ததில் நியாயம் இருந்தது.

2007 நவம்பர் 1. பாலக்காட்டிலிருந்து பெரும்பகுதியும் திருச்சிக் கோட்டத்திலிருந்து கொஞ்சமும் எடுத்து சேலம் கோட்டம் உருவானது. கேரளத்தில் கடும் எதிர்ப்பு. வருமானம் தரும் கோவையையும் திருப்பூரையும் இழந்தால் பாலக்காடு சுருங்கிவிடும் என்ற அவர்கள் கவலையும் பொய்யில்லை.

[காட்சி: கல்லாறு, பல்சக்கரப் பாதை]

நீலகிரி மலை ரயிலும் சேலத்திடம் வந்தது. 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. கல்லாறு முதல் குன்னூர் வரை, 12 அடிக்கு 1 அடி என்ற அளவு வரை ஏற்றம். நடுவில் இருக்கும் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு எஞ்சின் ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை இது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண் சரிந்தால் பாறையை அகற்றி வழி திறப்பது இந்தக் கோட்டத்தின் ஆட்கள்தான். அவர்கள் உழைப்புக்கு இன்னும் அதிகப் பாராட்டு கிடைக்க வேண்டும்.

[வரைபடம்: பொள்ளாச்சி]

அப்புறம், பொள்ளாச்சி. கோவை மாவட்டத்து ஊர்தான், ஆனால் பாலக்காடு கோட்டத்திலேயே நின்றுவிட்டது. எங்களையும் தமிழ்நாட்டுக் கோட்டம் ஒன்றில் சேருங்கள் என்று அங்குள்ள பயணிகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.