தெளிந்த தண்ணீரை எப்படிப் படம் பிடிப்பது?

அவையோருக்கு வணக்கம்.

சமூகப் பிரச்சினை ஒன்றைப் பற்றி ஒரு நிமிட வீடியோ எடுக்க வருகிற இளம்பிள்ளைகள் முதலில் கேட்பது கமெராவைப் பற்றி. அடுத்தது, பின்னணி இசை எங்கே எடுக்கலாம் என்று. மைக்கின் நினைவு எடிட்டிங்கில் இருக்கும்போதுதான் வரும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். படம் ஆளை நிறுத்தும். நம்புகிறதா இல்லையா என்பதைக் காதுதான் முடிவுசெய்யும்.

எங்கள் கிணறுகளையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து வலிகாமம் சுண்ணாம்புக்கல் நிலம். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும் மலகூடக் குழிக் கசிவும் கல்வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடி நீரில் நைத்திரேற்று என்ற உப்பாகச் சேர்கின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்லை தாண்டிய கிணற்றுத் தண்ணீரும் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். உடனே என்ன செய்கிறார்கள்? எடிட்டிங்கில் தண்ணீரைப் பச்சையாக்கிவிடுகிறார்கள். அந்தக் கிணற்றில் நாளாந்தம் அள்ளுகிறவருக்கு அது பொய் என்று ஒரு செக்கனில் தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் 50ஐயும் அவர் நம்பமாட்டார்.

நிறத்தை விட்டுவிட்டுத் தூரத்தைக் காட்டுங்கள். அளவு நாடாவின் முனையை மலகூடக் குழி மூடியில் பிடித்துக்கொண்டு, மற்றவர் கிணற்றுக்கட்டு வரை நடக்கட்டும். கமெரா இடுப்பளவு உயரத்தில் கூடவே போகட்டும். எட்டுப் பத்துச் செக்கன், இடையில் வெட்டக்கூடாது. பக்கத்து வளவுக் குழியையும் அளந்து பாருங்கள். துண்டு துண்டாகப் பிரித்த காணிகளில் சிலவேளை அதுதான் கிட்ட இருக்கும். பேச்சே வேண்டாம். நாடா இழுபடும் சத்தம், செருப்புச் சத்தம், கடைசியில் வாளி தண்ணீரில் விழுகிற 'தொம்'. அந்தச் சத்தத்தோடு மீற்றர் கணக்கு எழுத்தில் வரட்டும். வாளிச் சத்தத்தைத் தனியாக எடுக்க வேண்டும்: மைக்கைக் கயிற்றில் கட்டி, கட்டுக்கு உள்ளே ஒரு முழம் இறக்குங்கள். வெளியே நின்று எடுத்தால் கிணற்றின் எதிரொலி சரியாக விழாது.

ஆட்களைப் பேசவைக்கும்போது மைக் நாடிக்குக் கீழே ஒரு சாண். பதிவுக் கருவி காட்டும் சத்த அளவின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெல்லுக்கும் இடையில் நிற்கட்டும். பூச்சியத்தில் முட்டி உடைந்த குரலைத் திருத்துவது பெரும்பாடு. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மைக்கின் பஞ்சு உறை போதாது, ரோம உறை வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஆளைச் சுவர் மறைவில் இருத்துங்கள்.

காற்றைவிடப் பெரிய தொல்லை கோயில் ஒலிபெருக்கி. திருவிழாப் பாட்டு பின்னால் கேட்கும்போது பேட்டி எடுத்து, நடுவில் ஒரு வசனத்தை வெட்டினால் பாட்டு துள்ளும். பார்ப்பவர், 'எதையோ மறைத்துவிட்டார்கள்' என்று நினைப்பார். பேசியவர் உண்மை பேசியிருந்தாலும் பழி அவர் தலையில்தான். பாட்டு முடியும்வரை காத்திருங்கள். எந்த இடத்திலும் முப்பது செக்கன் வெறும் சூழல் சத்தத்தை எடுத்து வைத்தால், வெட்டிய இடங்களை அதனால் நிரப்பலாம்.

இசை? முதலில் இசையே இல்லாமல் எடிட் செய்து முடியுங்கள். பிறகும் தேவைப்பட்டால் பேச்சைவிட 15 முதல் 20 டெசிபெல் குறைத்துப் போடுங்கள். அழுகிற முகமும் மெதுவான வயலினும் சேர்ந்தால், காசு கேட்கப் போகிறார்கள் என்று விரல் தள்ளிவிடும்.

பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவருக்கு எழுத்து வேண்டும்; இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். திரையின் கீழ்க் காற்பங்கைக் கணக்குப் பெயரும் விபரமும் மூடும், அங்கே எழுதாதீர்கள். சில செயலிகளில் 'கொ', 'கெ' எல்லாம் கொம்பு தனி, எழுத்து தனியாகச் சிதறும். ஆகவே வீடியோவை வெளியெடுத்து, கைபேசியில் பார்த்த பிறகே ஏற்றுங்கள். டியூப் லைற் வெளிச்சத்தில் படத்தில் பட்டி ஓடினால் கமெராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கன் ஆக்குங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ்.

கடைசியாக, போதைப்பொருளோ வீட்டு வன்முறையோ பற்றிப் பேசுகிறவர்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஊருக்குள் குரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். குரலைத் தடிப்பாக்கி மாற்றினாலும் திரும்பப் பழையபடி ஆக்கலாம். அவர் சொன்னதை வேறொருவர் பேசட்டும். அப்படிச் செய்திருப்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் போடுங்கள். படம் எடுக்கமுதல் அறையைச் சுற்றிப் பாருங்கள்: சைக்கிள், கேற், கடைப் பெயரோடு சுவரில் தொங்கும் கலண்டர். எல்லாவற்றையும் அகற்றிவிட்டு எடுங்கள்.