சேர் ஏன் காத்துக்கொண்டு நின்றார்?

[காட்சி: திருகோணமலை, மூதூர் லோஞ்சி வந்து நிற்கும் ஜெட்டி. காலை வெளிச்சம். கமரா கையில்தான், ஆடினால் ஆடட்டும்.]

வணக்கம். முதலில் ஒரு கேள்வி. பத்தாம் ஆண்டுக் கணிதத்தில் படித்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

[மூன்று செக்கன் மௌனம். எடிட் பண்ணுகிறவர் தயவுசெய்து இதை வெட்ட வேண்டாம், காரணம் பிறகு வரும்.]

வரவில்லையா? எனக்கும் அப்படித்தான். மடக்கை என்று ஒன்று இருந்தது, அதற்கு ஒரு அட்டவணைப் புத்தகம் இருந்தது, அதன் மட்டை கிழிந்து நான் பிரவுன் பேப்பர் போட்டு ஒட்டினது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து என்ன செய்தோம் என்று கேட்டால் கையை விரித்துவிடுவேன். சரி, இப்போது அந்தக் கணிதத்தைப் படிப்பித்த சேரையோ டீச்சரையோ நினைத்துப் பாருங்கள். உடனே வந்துவிட்டார்கள் இல்லையா? அவர் நடக்கும் விதம், வெண்கட்டித் தூள் ஒட்டின கை, உங்களைப் பார்த்து ஒரு நாள் சொன்ன ஒரு வசனம்.

பாடம் போய்விட்டது, ஆள் போகவில்லை. இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: நகரில் மதிலில் ஒட்டிய டியூட்டரி போஸ்டர்கள். பிள்ளைகளின் முகங்கள் தெரியாமல் மங்கலாக்கவும்.]

எங்கள் ஊரில் சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு மதில் முழுக்க போஸ்டர் ஏறிவிடும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படம், கீழே படிப்பித்தவரின் பெயர், பல நேரம் பிள்ளையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். நல்ல ஆசிரியர் என்றால் புள்ளி எடுக்க வைப்பவர் என்பதுதான் அதன் அர்த்தம். அதில் பிழை இல்லை, ஆனால் கதையில் பாதிதான் அது.

மிச்சப் பாதியைப் பார்க்க அமெரிக்கா வரை போகவேண்டும். ராஜ் செட்டி, ஜோன் ஃப்ரீட்மன், ஜோனா ரொக்கொஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பெரிய நகரத்தின் பாடசாலைப் பதிவுகளையும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு உள்ள வருமான வரிப் பதிவுகளையும் பொருத்திப் பார்த்தார்கள், சுமார் 25 இலட்சம் பிள்ளைகளை. யாரிடம் படித்தவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் கிடைத்தது கொஞ்சம் ஏமாற்றமான விடை. நல்ல ஆசிரியர் ஒருவர் கூட்டிவிட்ட புள்ளி அடுத்த வருடமே குறையத் தொடங்குகிறது, மூன்று நான்கு வருடத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. போஸ்டர் மழையில் ஊறி உரிகிற மாதிரி. அப்படியென்றால் அந்த ஆசிரியரின் வேலை வீணா? அங்கேதான் விசயம் திரும்புகிறது. அதே பிள்ளைகள் 28 வயதுக்கு வந்தபோது பார்த்தால் வித்தியாசம் மறுபடி தெரிகிறது. 100 ஆசிரியர்களைத் திறமைப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் ஒருவரிடம் படிப்பதற்குப் பதிலாக, முன்னாலிருந்து 16ஆவது இடத்தில் நிற்கும் ஒருவரிடம் ஒரே ஒரு வருடம் படித்த பிள்ளையின் வருமானம் சராசரியாக 1.3 சதவீதம் கூடுதல். கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் ஒரே ஒரு வருடம், ஒரே ஒரு ஆள் என்பதை வைத்துப் பாருங்கள். அவர்கள் கூடுதலாகப் பல்கலைக்கழகம் போயிருந்தார்கள், பதின்ம வயதில் தாயான பெண்பிள்ளைகள் குறைவு.

புள்ளியில் கரைந்துபோன ஒன்று வாழ்க்கையில் எப்படித் தலைகாட்டுகிறது? ஆசிரியர் பாடத்தோடு சேர்த்து வேறு எதையோ கொடுத்திருக்கிறார், அதைப் பரீட்சை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

கிராபோ ஜக்ஸன் என்ற இன்னொரு ஆய்வாளர் அந்த வேறு எதையோவைத் தேடிப் போனார். வட கரோலினா மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு ஆசிரியரிடம் போன பிறகு பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காக வருகிறதா, இடைநிறுத்தப்படாமல் இருக்கிறதா, அடுத்த வகுப்புக்கு நேரத்துக்கு ஏறுகிறதா என்று பார்த்தார். பிள்ளை கடைசிவரை படித்து முடிக்குமா என்பதை ஆசிரியர் கூட்டிய புள்ளியைவிட இந்த விசயங்கள்தான் நன்றாகக் காட்டின. இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: புள்ளி கூட்டுவதில் கெட்டிக்காரரும் பிள்ளையைப் பாடசாலையோடு ஒட்ட வைப்பதில் கெட்டிக்காரரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை. அந்த இரண்டாவது ஆளின் பெயர் போஸ்டரில் வராது.

[காட்சி: கொட்டியாரக் குடா. தூரத்தில் ஒரு படகு.]

எங்கள் கணித சேர் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரில் இருந்து வருவார். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தான், அதற்கு முன்னம் தரையால் வருவதென்றால் பாதை என்கிற மிதவையில் ஏறி இறங்கி, நடுவில் சோதனைச்சாவடி வேறு, பாதி நாள் வீதியிலேயே போய்விடும். லோஞ்சிதான் வழி. மாரி காலத்தில் குடா கொந்தளித்தால் கால்சட்டை முழங்கால் வரை நனைந்து வருவார், சில நாள் லோஞ்சி ஓடாது, ஆளே வரமாட்டார். எங்களுக்குப் பெரும்பாலும் முதலாம் பாடம் கணிதம்தான்.

அவரிடம் ஒரு பழக்கம். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். "முக்கோணியின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. ஏன்?" என்று கேட்டுவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். மற்ற வகுப்புகளில் விடை தெரியாவிட்டால் பக்கத்துப் பெடியன் கையைத் தூக்குவான், நாங்கள் தப்பிவிடுவோம். இங்கே தப்ப முடியாது. முதல் மாதம் அந்த மௌனம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டாம் மாதம், வேறு வழியில்லாமல், யோசிக்கத் தொடங்கினேன். விடை சொன்ன பிறகும் உடனே சரி, பிழை என்று சொல்லமாட்டார், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார், அந்த நேரத்தில் நாங்களே "இல்லை சேர், இருங்க" என்று சொல்லித் திருத்திக்கொள்வோம்.

[காட்சி: வெறும் வகுப்பறை. கரும்பலகையில் ஒரு முக்கோணி.]

இப்போது தொடக்கத்தில் விட்ட அந்த மூன்று செக்கனுக்கு வருவோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க விஞ்ஞானக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளை டேப்பில் பதிவுசெய்து கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு பிள்ளைக்குக் கொடுக்கும் நேரம் சராசரியாக ஒரு செக்கன். அதற்குள் விடை வராவிட்டால் கேள்வியை மாற்றுவார், அல்லது வேறு பிள்ளையிடம் போவார், அல்லது தானே சொல்லிவிடுவார். பிள்ளை விடை சொன்னாலும் ஒரு செக்கனுக்குள் அடுத்த கேள்வி. அதை மூன்று செக்கன் அல்லது அதற்கு மேல் நீட்டிப் பாருங்கள் என்று ஆசிரியர்களைப் பழக்கினார். விடைகள் நீளமாகின, "தெரியாது" என்பது குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

மூன்று செக்கனுக்குக் கட்டிடமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். ஆனால் நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் ஒரு வருடம் டியூஷன் கொடுத்தவன், இரண்டு செக்கனைத் தாண்டினதே இல்லை.

இன்னொன்று, காத்திருக்காமல் சொல்லிவிடுகிற ஒரு வசனமும் அதே மாதிரி ஒட்டிக்கொள்கிறது. நான் சின்ன வகுப்பில் இருந்தபோது ஆங்கிலம் படிப்பித்த ஒருவர், எங்கே யார் என்பது வேண்டாம், என் கொப்பியை வகுப்புக்கு முன்னால் உயர்த்திக் காட்டி "இதுக்கு வெறும் கொப்பியையே தந்திருக்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்றைக்கும் ஆங்கிலத்தில் போன் வந்தால் எடுப்பதற்கு முன் மணி இரண்டு தரம் கூடுதலாக அடிக்கும். மூளையின் வேலை அப்படி: பயம், வெட்கம், பெருமை வரும்போது சுரக்கிற ஹோர்மோன்கள் அந்த நேரத்து ஞாபகத்தை ஆழமாகப் பதிய வைக்கின்றன, மடக்கைக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த ஆசிரியர் அன்று பின்னேரமே அதை மறந்திருப்பார்.

அதே சிவப்புப் பேனை வேறு விதமாகவும் வேலை செய்யும். அமெரிக்காவில் டேவிட் யேகரும் ஜெஃப்ரி கோஹனும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2014இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். பாதிப் பேருடைய தாளில் ஒரு துண்டு: உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அது முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்தம். மற்றப் பாதிக்கு, இது உன் கட்டுரைக்கான கருத்து என்ற சாதாரணத் துண்டு. விரும்பினால் திருத்தி எழுதித் தரலாம். கறுப்பினப் பிள்ளைகளில் சாதாரணத் துண்டு கிடைத்தவர்களில் 17 சதவீதம்தான் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள், மற்றத் துண்டு கிடைத்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல். சின்ன ஆய்வு, நாற்பது சொச்சம் பிள்ளைகள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் "கவனம் போதாது" என்ற இரண்டே சொல்லோடு கொப்பி திரும்பி வந்து பழகின எங்களுக்கு அது ஏன் வேலை செய்தது என்று விளக்கவே வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்குத் திருத்தம் பிரச்சினை இல்லை, இவர் என்னை என்னவென்று நினைத்துத் திருத்துகிறார் என்ற சந்தேகம்தான் பிரச்சினை.

எதிர்பார்ப்பு என்றதும் சிலர் ரோசெந்தால் என்ற அமெரிக்க உளவியலாளரின் பழைய ஆய்வைக் கொண்டுவருவார்கள். 1968இல் வெளியானது. குலுக்கல் முறையில் எடுத்த சில பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் இந்த வருடம் மலரப்போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள், வருட முடிவில் சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். கேட்க நல்ல கதை, ஆனால் பிறகு செய்த பல ஆய்வுகளில் அப்படி வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது, ஆசிரியர் பிள்ளைகளோடு இரண்டு கிழமைக்கு மேல் பழகியிருந்தால் வெளியே இருந்து சொல்கிற வார்த்தை எடுபடாது, கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார். அப்படியென்றால் ஆபத்தான காலம் அந்த முதல் இரண்டு கிழமை. இடமாற்றத்தில் புதிதாக வந்த டீச்சரை ஆசிரியர் அறையில் இருத்தி "அந்தக் கடைசி வாங்குப் பெடியன் சரிவராது, அவன்ட தமையனும் அப்படித்தான்" என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அது நடப்பதும் அதே இரண்டு கிழமைக்குள்தான்.

[காட்சி: திருகோணமலை வீதி. நடுவீதியில் படுத்திருக்கும் மான்கள், விலகிப் போகும் ஓட்டோ.]

எங்கள் ஊரில் ஆசிரியர் என்று பேச்செடுத்தால் பெரியவர்கள் விபுலானந்த அடிகளாரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். காரைதீவில் 1892இல் பிறந்தவர், விஞ்ஞானம் படித்தவர், இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் இருந்த காலத்தில் இங்கே இந்துக் கல்லூரியை நடத்தியவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழைய யாழ் எப்படி ஒலித்திருக்கும் என்பதை அவர் கணக்குப் போட்டுத் தேடிய யாழ் நூல் 1947இல் வந்தது. கணக்கையும் பாட்டையும் ஒரே ஆள் கையில் வைத்திருந்த காலம். ஆனால் அவருக்குச் சிலையும் விழாவும் இருக்கிறது. லோஞ்சியில் நனைந்து வந்தவருக்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் அவரைத் தேடிப் போனேன்.

[காட்சி: ஒரு வீட்டு முற்றம். இரண்டு தேநீர்க் கோப்பைகள், வயதான ஒருவரின் கைகள் மட்டும். முகம் காட்டவில்லை, பெயர் போடவும் விரும்பவில்லை.]

இப்போது ஓய்வு. என்னை அடையாளம் தெரியவில்லை, எத்தனை ஆயிரம் பிள்ளைகள். நான் இவ்வளவையும் சொன்னேன், அந்த மௌனம், மேரி பட் ரோ, மூன்று செக்கன், எல்லாம். "சேர், அதை எங்க பழகினீங்க? பயிற்சிக் கலாசாலையிலயா?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"அது தம்பி, லோஞ்சி எஞ்சினுக்குப் பக்கத்தில ஒரு மணித்தியாலம் இருந்து வந்தா காதுக்குள்ள இரைஞ்சு கொண்டே இருக்கும். முதலாம் பாடத்தில நீங்க சொல்றது எனக்கு ஒண்டும் விளங்காது. சொல்லி முடிச்சீங்களோ இல்லையோ எண்டு தெரியாம வாயைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"அப்ப அந்த 'இருங்க சேர்' எண்டு நாங்க திருத்தினது?"

"அதுவும் கேட்டிருக்காது" என்றார். கமராவை நிறுத்தச் சொன்னார், தேத்தண்ணி ஆறுதாம்.