கத்திரிக்கோலுக்கு உரிமம்: அமெரிக்க மாநிலங்களும் முடிதிருத்தும் தொழிலும்

தலைவர் அவர்களே, அவையோரே,

அமெரிக்காவில் ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவருக்கு முடி வெட்டவேண்டுமானால், அந்தந்த மாநில அரசு வழங்கிய உரிமம் அவரிடம் இருக்கவேண்டும். நீண்ட காலம் மாநில அளவில் முடிதிருத்துநர் உரிமம் இல்லாமலே இருந்த அலபாமாவும் 2013-இல் அதைக் கொண்டுவந்துவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் அந்நாட்டுத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே அரசு உரிமம் தேவைப்பட்டது என்றும், இன்று நான்கில் ஒரு பங்கினருக்கும் அதிகமானோருக்குத் தேவைப்படுகிறது என்றும் 2015-இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை கூறியது. அந்தப் பெருக்கம் நிகழ்ந்த விதத்தை முடிதிருத்தும் தொழிலைப்போலத் தெளிவாகக் காட்டும் துறை வேறில்லை என்பதால்தான், இந்தப் பேச்சுக்கு அதை எடுத்துக்கொண்டேன். உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கமன்று. சவரக்கத்தியையும் தண்ணீர்த் தொட்டியையும் கண்காணிக்கவேண்டிய சட்டம், ஆட்களை வாசலிலேயே நிறுத்திவைக்கும் சட்டமாக எப்படி மாறியது என்பதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

முதல் சட்டம் மின்னசோட்டா மாநிலத்தில் 1897-இல் வந்தது. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரே துண்டு, ஒரே சோப்புத் தூரிகை, ஒரே கத்தி என்று பல முகங்களைத் தொட்டுச் சென்ற காலம் அது. தாடி வளரும் இடத்தில் சீழ்க்கொப்புளமாகப் பரவிய நோய்க்கு முடிதிருத்துநர் பெயரையே சூட்டி மக்கள் அழைத்தார்கள். நோய் பரவாமல் தடுக்க அரசு தலையிட்டதைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தச் சட்டங்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் மருத்துவர்கள் மட்டும் இருக்கவில்லை. 1887-இல் தோன்றிய முடிதிருத்தும் தொழிலாளர் சங்கமும் மாநிலத்துக்கு மாநிலம் அதை வலியுறுத்தியது. 1893-இல் சிகாகோவில் மோலர் என்பவர் தொடங்கிய முடிதிருத்தும் பள்ளியும் அதைப் பின்பற்றி எழுந்தவையும் சில வாரங்களிலேயே ஆட்களைப் பழக்கி வெளியே அனுப்பின. அவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்தால் தம் கூலியும் சரியும் என்று சங்கத்தார் அஞ்சினார்கள். உழைப்பவன் தன் கூலியைக் காத்துக்கொள்ள நினைப்பதில் தவறு காண மாட்டேன். ஆனால் சுகாதாரத்தின் பெயரால் எழுதப்பட்ட விதிக்குள் கூலிப் பாதுகாப்பும் அன்றே குடிபுகுந்துவிட்டது என்பதை மறந்துவிட்டால், பின்னர் வந்த எதுவும் நமக்கு விளங்காது.

இதில் நிறவெறிக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்மாநிலங்களில் வெள்ளையருக்கு முடிதிருத்திய சிறந்த கடைகளில் பெரும்பாலானவை கறுப்பினத்தவருடையவை. 1858-இல் அடிமையாகப் பிறந்த அலான்சோ ஹெர்ண்டன், அட்லாண்டாவின் பீச்ட்ரீ தெருவில் பளிங்கும் கண்ணாடியும் பதித்த கடை நடத்தி, அந்த வருமானத்தைக்கொண்டு ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் கண்டார். அதே அட்லாண்டாவில் 1926-இல் நகரமன்றம், கறுப்பின முடிதிருத்துநர்கள் வெள்ளையினப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டக்கூடாது என்று ஆணை இயற்றியது. மறு ஆண்டே ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நிறத்தைக் குறிப்பிட்டு எழுதிய விதி நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தேர்வு, கட்டணம், பயிற்சிக் காலம் என்று எழுதியவை நின்றன. தேர்வு நடத்துபவர் யார், எவரைத் தேர்ச்சி பெறவிடுவார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இனிப் பயிற்சி மணிகளைப் பார்ப்போம். முடி வெட்டுவதையும் உள்ளடக்கிய அழகுக்கலை உரிமத்துக்கு நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் 1,000 மணி நேரப் பயிற்சி போதும். அயோவாவிலோ அண்மைக்காலம் வரை 2,100 மணி நேரம் தேவைப்பட்டது. அயோவாக்காரர் தலையில் மட்டும் முடி வேறு விதமாக முளைக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. நியூயார்க்கில் 1,000 மணியோடு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் முடி வெட்டிக்கொண்டவர்கள் அதனால் நோயாளிகளாகிவிடவில்லை. இந்த மணிகளைத் தனியார் பள்ளிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கின்றன. மணி கூடினால் கட்டணமும் கூடும். ஆகவே மணியைக் குறைக்கும் ஒவ்வொரு மசோதாவின்போதும் பள்ளிகளே முதல் வரிசையில் எதிர்ப்பதில் வியப்பில்லை.

இந்த மணிக்கணக்கு எவ்வளவு பொருந்தாமல் போகக்கூடும் என்பதற்கு டெக்சாஸ் வழக்கு ஒன்றே போதும். அதில் நம் பக்கத்துத் தொழில் ஒன்றே குற்றவாளிக் கூண்டில் நின்றது. புருவத்தை நூலால் திருத்தும் த்ரெட்டிங்கைப் பற்றி நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பருத்தி நூலை முறுக்கி, ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டோ கழுத்தில் மாட்டிக்கொண்டோ மயிரை வேரோடு எடுப்பார்கள். கத்தியும் இல்லை, மெழுகும் இல்லை, வேதிப்பொருளும் இல்லை. தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்கள் டெக்சாஸின் வணிக வளாகங்களில் சிறு கடைகள் போட்டு இதைச் செய்துவந்தார்கள். இதுவும் அழகுக்கலைதான், இதற்கும் 750 மணி நேரப் பயிற்சி பெற்ற சரும அழகுக்கலைஞர் உரிமம் வேண்டும் என்று மாநில உரிமத் துறை அபராதம் விதிக்கத் தொடங்கியது. பள்ளிக் கட்டணமோ 3,500 டாலர் முதல் 9,000 டாலர் வரை. ஆசிஷ் பட்டேல் முதலானோர் 2009-இல் வழக்குத் தொடுத்தார்கள். அந்த 750 மணியில் ஏறத்தாழ 320 மணி, அதாவது நாற்பது விழுக்காட்டுக்கும் மேல், நூல் பிடிப்பவரின் வேலையோடு தொடர்பற்றது என்பதை வழக்கில் அரசுத் தரப்பே மறுக்க முடியவில்லை. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2015 ஜூனில், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, இத்தகைய சுமை மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பின் எடையை உணர, கூட்டாட்சி நீதிமன்றங்களின் பழக்கத்தை அறிந்திருக்கவேண்டும். பொருளாதாரச் சட்டம் ஒன்றுக்கு ஏதேனும் ஒரு காரணத்தைக் கற்பித்துச் சொல்ல முடிந்தாலே, மூக்குக்கண்ணாடி விற்பனையைக் கட்டுப்படுத்திய ஒக்லகோமா மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1955-ஆம் ஆண்டு வழக்குக்குப் பின் அவை பெரும்பாலும் அதில் கை வைப்பதில்லை. டெக்சாஸ் நீதிமன்றமோ காரணம் இருக்கிறதா என்று கேட்டதோடு நிற்காமல், சுமை அந்தக் காரணத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்றும் கேட்டது. சட்டமியற்றும் மன்றத்தின் வேலையை நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது என்று மாறுபட்ட நீதிபதிகள் கவலைப்பட்டதிலும் பொருள் உண்டு. ஒவ்வொரு தொழிலின் பயிற்சி மணியையும் நீதிபதிகள் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் எண்ணவேண்டிய மன்றம் எண்ணாதபோது, கடையை இழக்கப்போகிறவர் வேறெங்கே போவார்?

அதே மாநிலத்தில் ஆப்பிரிக்க முறையில் கூந்தல் பின்னும் ஐசிஸ் பிராண்ட்லியை 1997-இல் டல்லஸில் உரிமமின்றித் தொழில் செய்தார் என்று கைது செய்தார்கள். பின்னலுக்கென்று 35 மணி நேர உரிமம் 2007-இல் வந்தபோது அவர் தொழில் செய்ய முடிந்தது. பிறருக்குக் கற்பிக்கத்தான் முடியவில்லை. கற்பிக்கும் இடம் முடிதிருத்தும் கல்லூரியாக இருக்கவேண்டும், 2,000 சதுர அடியும் சாய்வு நாற்காலிகளும் கழுவு தொட்டிகளும் வேண்டும் என்றது விதி. பின்னுவதற்குத் தொட்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. 2015 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதைச் செல்லாதென்றார்; அவ்வாண்டே டெக்சாஸ் பின்னல் உரிமத்தையே நீக்கியது. யூட்டாவில் சியரா லியோனிலிருந்து வந்த ஜெஸ்டினா கிளேட்டனிடம் இதே வேலைக்கு 2,000 மணி கேட்டார்கள். 2012-இல் அவரும் வென்றார்.

இவ்வளவையும் கேட்டபின், உரிமமே வேண்டாம், வாடிக்கையாளரே நல்லது கெட்டது பார்த்துக்கொள்வார் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அவர்களுக்கு வாட்சன்வில் கதையைச் சொல்லவேண்டும். கலிபோர்னியாவின் அந்த நகரில் 2000-ஆம் ஆண்டு, ஒரே நகப்பராமரிப்பு நிலையத்தில் பெடிக்யூர் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் கால்களில் ஆறாத கட்டிகள் எழுந்தன. குழாய்த் தண்ணீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமி ஒன்று, சுழல்நீர்க் கால் தொட்டிகளில் பெருகியிருந்தது. தண்ணீரை உறிஞ்சும் வாயின் வலைத்தட்டியைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் பின்னால் முடியும் தோல் துணுக்குகளும் அடைந்து கிடந்தன. வருவதற்கு முன் கால் முடியை மழித்துக்கொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். கத்தி பட்ட தோலின் வழியே கிருமி எளிதில் உள்ளே சென்றிருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் நாற்காலியில் அமர்ந்தபடி வலைத்தட்டிக்குப் பின்னால் இருப்பதை எப்படிப் பார்ப்பார்? அவர் பார்க்க முடியாததைப் பார்க்கத்தான் அரசு இருக்கிறது. அதன்பின் இத்தொழில்களுக்கு உரிமம் வழங்கும் கலிபோர்னியா மாநில வாரியம், தொட்டியைக் கழுவுவதையும் தட்டியைக் கழற்றித் தேய்ப்பதையும் கிருமிநாசினி இடுவதையும் வரிசைப்படி விதியாக எழுதியது. நான் ஆதரிக்கும் ஒழுங்குமுறை இதுதான்: கண்ட தீங்கு, அதன் காரணம், அந்தக் காரணத்துக்கு நேரான விதி.

விதிகளை எழுதுவோர் யார் என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான மாநிலங்களில் வாரியத்தில் அமர்ந்திருப்பவர்கள் அதே தொழிலில் இருப்பவர்கள். தொழில் தெரிந்தவர் வேண்டும் என்பது சரியே. ஆனால் புதிதாக வருபவர் அவருக்குப் போட்டியாளர். வட கரோலினாவில் பல் வெளுக்கும் சேவையை அழகு நிலையங்களிலும் வணிக வளாகக் கடைகளிலும் குறைந்த விலைக்குத் தரத் தொடங்கியபோது, பல் மருத்துவர்களே பெரும்பான்மையாக இருந்த மாநில வாரியம், அதை நிறுத்தும்படி அவர்களுக்குக் கடிதங்கள் அனுப்பியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சந்தையில் பங்குள்ளவர்கள் ஆதிக்கம் செலுத்தும் வாரியம், அரசின் நேரடி மேற்பார்வை இல்லாவிட்டால், போட்டியைக் காக்கும் சட்டங்களிலிருந்து விலக்குக் கோர முடியாது என்று 2015 பிப்ரவரியில் அந்நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு பல் மருத்துவர்களைப் பற்றியதானாலும், முடிதிருத்துநர் வாரியங்களும் அதே அமைப்புடையவை என்பதால் அவற்றுக்கும் அது பொருந்தும்.

நல்லொழுக்கம் என்னும் நிபந்தனையையும் சொல்லாமல் விட மனமில்லை. நியூயார்க் சிறையொன்றில் கொள்ளைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்த ஒருவர் அங்கேயே முடிதிருத்தும் தொழிலைக் கற்றார். கற்பித்தது அரசு, செலவும் அரசுடையது. வெளியே வந்து உரிமம் கேட்டபோது, அவருடைய பழைய குற்றத்தையே காட்டி, நல்லொழுக்கம் போதாது என்று அதே அரசின் இன்னொரு அலுவலகம் மறுத்தது. கத்தியைக் கையில் கொடுத்துப் பழக்கியபோது தோன்றாத ஐயம், அவர் பிழைக்க வழி தேடியபோது தோன்றியிருக்கிறது.

இப்போது மாநிலங்கள் சற்றே இறங்கி வருகின்றன. 2019-இல் அரிசோனா, பிற மாநிலத்தில் பெற்ற தொழில் உரிமங்களைப் பொதுவாக ஏற்கும் முதல் மாநிலமாயிற்று. கணவன் அல்லது மனைவியின் ராணுவப் பணிக்காக ஊர் ஊராக மாறுவோருக்கு அது பெரிய உதவி. கலிபோர்னியா 2022 முதல் முடிதிருத்துநருக்கும் அழகுக்கலைஞருக்கும் 1,000 மணி போதும் என்றதுடன், செய்முறைத் தேர்வையும் கைவிட்டது. மணி குறைந்ததை வரவேற்கிறேன். செய்முறைத் தேர்வு போனது எனக்கு உடன்பாடில்லை. கருவியைக் கிருமி நீக்கம் செய்யத் தெரியுமா என்பதை ஒருவர் தம் கையால் செய்துகாட்டும்போதுதான் அறிய முடியும். விடைத்தாளில் சரியான கட்டத்தை நிரப்புவது அதற்கு ஈடாகாது. குறைக்க வேண்டியதைக் குறைத்தவர்கள், வைத்திருக்க வேண்டியதையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள்.

பிரிட்டனில் முடிதிருத்துநர் பதிவு 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி விருப்பத்துக்குரியது. கட்டாய உரிமம் இல்லாமலே அங்கே தொழில் நடக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் அவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, போகவேண்டும் என்றும் சொல்லவில்லை. கிருமி நீக்கத்தையும் தோல் நோய்களை அடையாளம் காண்பதையும் கற்பிக்கும் குறுகிய பயிற்சியும், அதைக் கையால் செய்துகாட்டும் தேர்வும் எல்லோருக்கும் இருக்கட்டும். வேதிப்பொருளால் முடியைச் சுருட்டுவோருக்கும் நிறமேற்றுவோருக்கும் அதற்கு மேல் தனிப் பயிற்சி வேண்டும். நூலும் சீப்பும் மட்டும் பிடிப்போருக்கு வேண்டாம். உரிமக் கட்டணமாகச் சேரும் பணம், முன்னறிவிப்பின்றிக் கடைக்குள் நுழையும் ஆய்வாளர்களுக்குப் போகவேண்டும். நீலக் கிருமிநாசினி ஜாடியில் சீப்பு முழுவதும் மூழ்கியிருக்கிறதா, ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு போடுகிறார்களா, கால் தொட்டியின் தட்டி கடைசியாக எப்போது கழற்றப்பட்டது என்று அவர் பார்த்து, முடிவைக் கடை வாசலிலேயே ஒட்டிவிட்டுச் செல்லட்டும்.