புழங்கும் வாசல் எது?

நேயர்களுக்கு வணக்கம். நோய்க்குறியியல் மருத்துவரான என் மேசைக்கு நோயாளி வருவதில்லை. அவர் உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்குதான் கண்ணாடித் தகட்டில் வருகிறது. அதில் சாயமேற்றுவோம். தேடுகிற ஏற்பி செல்லில் இருந்தால் பழுப்பு நிறம் தெரியும். "பழுப்பு ஏறிவிட்டதே, இனி மாத்திரை கேட்கும்தானே?" என்பார்கள் உறவினர்கள்.

ஏற்பி என்பது செல்லின் வாசல். 'வளர்' என்ற செய்தி அதன் வழியே உள்ளே போகிறது. தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் தோன்றும் சார்கோமா புற்றுநோய்களில் இப்படிப் பல வாசல்கள் உண்டு.

இரைப்பை, குடல் சுவரில் வரும் 'ஜிஸ்ட்' என்ற சார்கோமா கட்டியைப் பாருங்கள். வழக்கமான கீமோதெரபிக்கு அது அசைந்து கொடுக்காது. 1998இல் ஜப்பானின் ஹிரோட்டா குழுவினர் காரணத்தைக் கண்டார்கள். அதன் 'கிட்' என்ற ஏற்பிக்கான மரபணு பிறழ்ந்திருந்தது. யாரும் தட்டாமலே கதவு திறந்து கிடந்தது. 2000 மார்ச்சில் ஹெல்சிங்கியில் ஜிஸ்ட் வந்த ஒரு பெண்ணுக்கு, ரத்தப் புற்றுநோய்க்காக உருவான, ஆனால் இந்தக் கதவையும் மூடக்கூடிய இமாட்டினிப் மாத்திரையை நாளுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின.

அடுத்து ஒலாராட்டுமாப். சார்கோமாக்களுக்காக வந்த இது, 'பிடிஜிஎஃப்' ஆல்ஃபா ஏற்பி என்ற இன்னொரு வாசலை அடைக்கும் மருந்து. 133 பேரிடம் நடந்த ஆய்வில், கீமோதெரபியுடன் இதையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 26.5 மாதம், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு 14.7. அமெரிக்கா 2016இல் அவசரமாக அனுமதித்தது. நானும் மகிழ்ந்தேன். 509 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2019இல் வந்தது: இதையும் பெற்றவர்களுக்கு 20.4 மாதம், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு 19.7 மாதம். பொருட்படுத்தத்தக்க வித்தியாசமே இல்லை. மருந்து சந்தையிலிருந்து போயிற்று.

வீட்டுக்குப் பத்து வாசல் இருக்கலாம். வீட்டார் புழங்குவது ஒன்றில்தான். புழங்காத வாசலுக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்? பழுப்பு நிறம் வாசல் இருப்பதை மட்டுமே காட்டும். புழக்கத்தை அறிய மரபணுவைப் படிக்க வேண்டும். ஜிஸ்ட்டிலேயே, பிடிஜிஎஃப் ஆல்ஃபா ஏற்பியில் 'டி842வி' என்ற பிறழ்வு இருந்தால் இமாட்டினிப் பலிக்காது. அவாப்ரிட்டினிப் என்ற வேறு மாத்திரை வேண்டும். ஆகவே, மாத்திரை தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: "மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா?"