ஆறு டார்பிடோக்களும் ஓட்டோ வெட்டிகனும்

நேயர்களுக்கு வணக்கம். 1914 செப்டம்பர் 22 என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, அன்றிரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைப் பீரங்கியால் சுட்டுக் கொளுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். அதே நாள் காலையில், ஹாலந்துக் கரைக்கு அப்பால், யு-9 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்தது. அதன் தலைவர் ஓட்டோ வெட்டிகன்.

ஹெர்ஃபோர்டு நகரில் பிறந்து, 1901-இல் கடற்படையில் சேர்ந்த வெட்டிகனிடம் இருந்தது மண்ணெண்ணெய் எந்திரத்தில் ஓடும் பழைய நீர்மூழ்கிப் படகு. மேலே வந்தால் அதன் புகையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எனினும் அவர் தம் ஆட்களைப் பழக்கிய விதமே என்னை வியக்கவைக்கிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முன், 1914 ஜூலையில், நீருக்கடியில் இருந்தபடியே ஏவுகுழாய்களில் டார்பிடோவை, அதாவது நீருக்குள் பாய்ந்து சென்று கப்பலைத் தாக்கி வெடிக்கும் குண்டை, மறுபடி ஏற்றிக்காட்டினார்கள். அதுவரை எவரும் செய்யாத காரியம் அது. டார்பிடோ வெளியேறியதும் முன்பகுதி எடை குறைந்து படகு மேலே கிளம்பப் பார்க்கும். அதைச் சமன்செய்ய, மாலுமிகள் குறுகிய நடைவழியில் முன்னும் பின்னுமாக ஓடித் தங்கள் உடலையே எடைக்கல்லாக்கினார்கள்.

செப்டம்பர் 22 காலை ஏறத்தாழ 6.20 மணிக்கு, அந்த மூன்று பிரிட்டிஷ் கப்பல்களில் ஒன்றான அபூகிர் தாக்கப்பட்டது. கண்ணிவெடி என்று எண்ணிய அதன் கேப்டன் மற்ற இரு கப்பல்களையும் உதவிக்கு அழைத்தார். தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்க நின்ற ஹோக் இரண்டு டார்பிடோக்களுக்கு இரையானது. பின்னர் கிரெஸ்ஸியும் போயிற்று. படகிலிருந்த ஆறு டார்பிடோக்களும் தீர்ந்தபோது 1,459 பேர் இறந்திருந்தார்கள். அவர்களுள் 15 வயதுப் பயிற்சி மாணவர்களும் உண்டு. சக மாலுமிகளைக் காக்க நின்றதே அந்த இரு கப்பல்களின் அழிவுக்கு வழிசெய்தது என்பதை எப்போது படித்தாலும் மனம் கனக்கிறது. அதற்குப் பிறகு, ஆபத்தான கடற்பகுதியில் பெரிய கப்பல்கள் எதற்காகவும் நிற்கலாகாது என்று பிரிட்டிஷ் கடற்படை ஆணையிட்டது.

அக்டோபர் 15-இல் ஹாக் என்ற மற்றொரு போர்க்கப்பலையும் மூழ்கடித்த வெட்டிகனுக்கு, ஜெர்மனியின் உயரிய 'பூர் லெ மெரித்' விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு யு-29 என்ற புதிய படகு அவர் கைக்கு வந்தது. 1915 மார்ச் 18 அன்று, ஸ்காட்லாந்தின் வடமுனையை ஒட்டிய பென்ட்லண்ட் ஃபர்த் கடற்பகுதியில், நீருக்கு மேலே பார்க்க உதவும் அதன் பெரிஸ்கோப் குழாயைக் கண்டுகொண்ட டிரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நேரே திரும்பி வந்து படகின்மேல் மோதியது. நீரைப் பிளந்துகொண்டு மேலெழுந்த முன்முனையில் 29 என்ற எண் ஒரு கணம் தெரிந்தது. பிறகு படகு மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை.